ஆற்று மணி பத்து

எல்டன் ரூஸின் கைக்கடிகாரம் கோடை முழுக்க ஊரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடும். கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் கிடையாது. ஏப்ரல் கடைசி வந்தால் கோடை வெளிச்சத்தைப் பிடிக்க நாடே கடிகார முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறது. எல்டன் மாதிரி ஆற்றை அளக்கிறவர்கள் மட்டும் தள்ள மாட்டார்கள். கரையில் நிற்கிற அளவுக் கொட்டகைக்குள் உருளையில் சுற்றிய தாள்மேல் ஒரு பேனா ராப்பகலாக நீர்மட்டத்தைக் கோடாக இழுத்துக்கொண்டிருக்கும். வருஷத்தில் ஒருநாள் ஒரு மணி நேரத்தை விழுங்கி, இன்னொரு நாள் அதையே கக்கினால் அந்தக் கோடு என்னத்துக்கு ஆகும்? அதனால் பன்னிரண்டு மாசமும் அவர்களுக்கு ஒரே மணிதான். மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள் அதற்கு ஆற்று மணி என்று பேர் வைத்திருந்தார்கள், கேலிக்குத்தான். மற்றது ஊர் மணி.

பலசரக்குக் கடையிலோ சர்ச்சிலோ யாராவது நேரம் சொன்னால் எல்டன் மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொள்வான். பதினெட்டு வருஷப் பழக்கம், ஒருநாளும் பிசகினதில்லை. ஒரே ஒருத்தியிடம் மட்டும் கழிக்க மாட்டான். அவளும் ஆற்று மணிக்காரி.

ஆர்டிஸ் என்று பேர். டீல் ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில் அவள் அண்ணனின் மாட்டுப் பண்ணை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அளவுக் கொட்டகை. பேனாவையும் தாளையும் மட்டும் நம்பி இருக்க முடியாது. குளிர்காலத்தில் கொட்டகைக் கடிகாரம் விறைத்து நின்றுவிடும், தண்ணீரில் கிடந்து பேனாவை நகர்த்துகிற மிதவை பனிக்கட்டியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஆள் கரையில் நட்ட பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதியாக வேண்டும். பதினோரு வருஷமாக அந்த ஆள் ஆர்டிஸ்தான். வாரத்துக்கு ஒரு அட்டை, ஏழு நாளுக்கு ஏழு எண். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். சனிக்கிழமை தபாலில் போட்டாளானால் திங்கட்கிழமை எல்டனின் மேஜையில் இருக்கும்.

குறிப்புக் கட்டத்தில் பனிக்கட்டி, மிதக்கிற மரம், இந்த மாதிரி சங்கதிதான் எழுத வேண்டும். ஆர்டிஸ் என்ன எழுதினாள் தெரியுமா? 'கரையோரம் பனி. நீர்நாய் ஒன்று மல்லாக்கப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது.' 'மட்டம் அப்படியே. அண்ணனுக்குத்தான் கோபம் அரை அடி ஏறியிருக்கிறது.' 'இன்று பலகையைத் தவிர யாரோடும் பேசவில்லை.' எண்களைப் பேரேட்டில் ஏற்றுகிற அலுவலகப் பெண் இதெல்லாம் எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று முகத்தைச் சுளிப்பாள். எல்டன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து இன்னொரு தரம் படிப்பான்.

பதில் எழுதினானா என்றால் இல்லை. பதில் எழுத அட்டையில் கட்டம் இல்லையாம். என்ன சொல்ல!

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளவெடுக்கப் போவான். அந்த நாளுக்காக மற்ற நாற்பத்தோரு நாளையும் தள்ளிக்கொண்டு கிடப்பான். போய் இறங்கினால் முதலில் பலகையைப் பார்ப்பான், பேனாவைப் பார்ப்பான், அப்புறம்தான் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவள் காப்பி வைப்பாள், ஆப்பிள் பை வெட்டித் தட்டில் வைப்பாள். ஒரு அடியில் நூறில் ஒரு பங்குக்கு ரெண்டு பேரும் சண்டை போடுவார்கள். அலை ஏறி இறங்குகிறபோது நடுவைத்தான் எடுக்கணும் என்பான் அவன். நடுவைத்தான் எடுத்தேன், உங்க கண்ணுக்குக் கண்ணாடி வாங்குங்க என்பாள் அவள். அந்தச் சண்டையின் சூடு அவனுக்கு அடுத்த ஆறு வாரத்துக்குக் காணும். அவளுக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்தாறு. ரெண்டு பேரையும் கட்டி வைத்துவிட வேண்டியதுதானே என்று பள்ளத்தாக்கே பேசியது. பேச வேண்டியவன் பேசவில்லை.

அவனுக்கு இன்னொரு ஏக்கமும் உண்டு. அது வெளியே சொல்லக்கூடியது. மட்டம் இத்தனை அடி என்றால் ஓடுகிற தண்ணீர் விநாடிக்கு இத்தனை கன அடி என்று ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவை அளந்ததும் அதில் ஒரு புள்ளி. டீல் ஆற்றின் கோடு எட்டடி வரைக்கும் கெட்டியான மையில் இருந்தது. எட்டடிக்கு மேலே வெறும் விட்டுவிட்டுப் போட்ட கோடு, குத்துமதிப்பு. பெரிய வெள்ளம் வரும்போது அங்கே இருந்து அளந்தால்தான் அது கெட்டிக் கோடாகும். பதினோரு வருஷத்தில் மூன்று வெள்ளம் வந்தது. மூன்று தடவையும் எல்டன் வேறு ஆற்றில் நின்றான். அந்த விட்டுவிட்டுப் போன கோட்டை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

எழுபத்தெட்டாம் வருஷம் பனி கொட்டோ கொட்டு என்று கொட்டியது. ஜூன் முதல் வாரம் திடீரென்று வெயில் பிடித்துக்கொண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை எல்டன் ஆற்றின் குறுக்கே கட்டின கம்பிவடத்தையும் அளவுக் கருவியையும் சரிபார்க்கப் பண்ணைக்குப் போனான். வீட்டு வாசலில் பெட்டிகள். அண்ணன் பண்ணையை விற்றுவிட்டிருந்தான். ஸ்போகேன் நகரத்தில் அக்கா இருக்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை சொல்லி வைத்திருக்கிறாள், சாயங்காலமே ஹார்லோ டவுனுக்குப் போய் சர்ச் தோழி வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு சனிக்கிழமை பஸ் ஏறப் போகிறேன் என்று ஆர்டிஸ் நின்றபடியே சொன்னாள். நாற்காலியெல்லாம் வண்டியில் ஏறிவிட்டிருந்தது. கடைசி அட்டையைத் தபாலுக்குக் காத்திருக்காமல் அவன் கையிலேயே கொடுத்தாள். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. எல்டன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"சனிக்கிழமை பத்து மணி பஸ்," என்றாள். "என்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருந்தா வந்து சொல்லுங்க எல்டன். இல்லன்னா வர வேணாம். வந்து சும்மா நின்னு கையாட்டிட்டுப் போறதா இருந்தா வரவே வேணாம்."

"வர்றேன்," என்றான் அவன்.

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். காலி அடுக்களை, எதிரே அவள், குறுக்கே நாற்காலிகூட இல்லை. ஆனால் எல்டன் எதையும் ஒரே தடவையில் அளந்துவிடுகிற ஆள் இல்லை. நாலு நாள் மனசுக்குள் கோர்த்து, சரிபார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பான். சனிக்கிழமை பத்து மணி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கிளம்பினான்.

நாலு நாளும் மலையில் வெயில் நின்று கொளுத்தியது. பகலில் மேலே உருகுகிற தண்ணீர் பண்ணைக்கு வந்துசேர விடிகாலை ஆகும். வெள்ளத்தின் உச்சி சனிக்கிழமை காலையில்தான் என்று புதன்கிழமையே எல்டனுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் கைக்கு அகப்படாதது அன்றைக்கா வர வேண்டும்? இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தான். விடிந்ததும் ஆரம்பித்தால் எட்டு மணிக்கு முடிந்துவிடும். ஹார்லோவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். பத்து மணி பஸ்ஸுக்குத் தாராளமாகப் போய்விடலாம். ரெண்டும் கிடைக்கும் என்று நினைத்தபோது பச்சைப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டான்.

சனிக்கிழமை ஆற்று மணி ஐந்தேகாலுக்குக் கம்பிவடத்தில் தொங்குகிற தொட்டிலில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கரைக்கும் நடுவே, தண்ணீருக்கு மேலே ஒரு பலகைத் தொட்டில், கையால் இழுத்து இழுத்து நகர வேண்டியது. இந்த மாதிரி வெள்ளத்தில் தனியாளாக ஏறக்கூடாது என்று விதி இருக்கிறது. கூட வர வேண்டியவன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். பலகையில் மட்டம் ஒன்பது அடி அறுபத்துநாலு. ஆறு காப்பி நிறத்தில் ஓடியது. அடியில் பாறாங்கற்கள் உருண்டு மோதுகிற சத்தம் தொட்டிலின் இரும்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறியது.

மீன் மாதிரி வார்த்த ஈயக் குண்டை இறக்குவான். அதற்கு மேலே சின்னச் சின்னக் கிண்ணங்கள் கோர்த்த சக்கரம் தண்ணீரில் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் காதுக்குழாயில் ஒரு 'டிக்'. நாற்பது விநாடிக்கு எத்தனை டிக் என்று எண்ணி, ஆழத்தையும் எழுதி, அஞ்சு அடி தள்ளிப் போவான். அங்கே மறுபடி. இப்படி இருபத்தேழு இடம். பதினாறாவது இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு வந்தது. இரும்புக் கயிற்றைச் சுருட்டி ஈயக் குண்டை மேலே தூக்குவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மரம் தொட்டிலுக்குக் கீழே வேரைக் காட்டிப் புரண்டு போனது. 'ஆர்டிஸ், இதைப் பார்த்தீங்களா' என்று வாய்விட்டே சொன்னான். அப்புறம்தான் வீடு காலியாகக் கிடக்கிற ஞாபகம் வந்தது.

எட்டு மணிக்கு முன்னாலேயே கரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான். பன்னிரண்டாயிரத்து நானூறு கன அடி. குத்துமதிப்புக் கோடு அந்த மட்டத்துக்குப் பத்தாயிரம் என்றுதான் சொல்லியிருந்தது. மறுபடி கூட்டினான். அதே எண்தான். இத்தனை வருஷம் மேஜையில் வைத்துப் பார்த்த கோடு தப்பு; ஆறு அதைவிடப் பெரிசு. இதை முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, அந்தச் சூட்டிலேயே மற்றதையும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

ஆனால் எண் கிடைத்தால் முதலில் அறிவிக்க வேண்டும். பக்கத்துப் பண்ணைக்கு ஓடி, அடுக்களை ஃபோனில் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டான். ஹார்லோவுக்குக் கீழே, டன்மோர் போகிற சாலையில் தாழ்வான பாலம் ஒன்று இருக்கிறது. பத்தாயிரம் என்றால் பாலத்துக்கு அடியிலேயே தண்ணீர் போய்விடும். பன்னிரண்டாயிரத்து நானூறு போகாது, அதற்கு முன்னாலேயே மரங்கள் வந்து தூணை இடிக்கும், மத்தியானத்துக்குள் பாலத்தை மூடிவிடுங்கள் என்றான். சரி என்றார்கள். பிறகு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஹார்லோவுக்குப் பறந்தான். வழியெல்லாம் உரக்கப் பேசிப் பேசிப் பழகினான். நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான். நாலும் அலுவலகக் கடிதம் மாதிரியே இருந்தது.

ஹார்லோவில் பஸ் நிற்கிற இடம் ஃப்ளாய்டின் பெட்ரோல் பங்க். எல்டன் வண்டியை நிறுத்தினபோது அவன் கையில் ஒன்பதே முக்கால். கால் மணி நேரம் முன்னால் வந்தாயிற்று. சட்டையில் ஒட்டின சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனான். வெளியே பெஞ்சில் யாரும் இல்லை.

"யாரைத் தேடுறே?" என்றார் ஃப்ளாய்ட். அறுபது வயசு, எதற்கும் அவசரப்படாத மனுஷர்.

"பத்து மணி பஸ்."

ஃப்ளாய்ட் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எல்டனும் பார்த்தான். பத்தே முக்கால்.

அதற்கப்புறம் ஃப்ளாய்ட் சொன்னதெல்லாம் எங்கிருந்தோ கேட்கிற மாதிரி இருந்தது. ஆர்டிஸ் ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். தன் கடிகாரத்தைக் காட்டி, பதினோரு வருஷம் கழித்து ஊர் மணிக்கு வந்துவிட்டேன், வேலையை விட்ட அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டேன் என்று சிரித்தாளாம். பஸ் வந்தது. டிரைவரை அஞ்சு நிமிஷம் நிற்கச் சொன்னாள், நின்றான். இன்னும் அஞ்சு நிமிஷம் கேட்டாள், அதற்கும் நின்றான். அப்புறம் அவளே எழுந்து ஏறிவிட்டாள்.

"நான்தான் சொன்னேன், லேட்டாகியிருக்கும், வருவான்னு," என்றார் ஃப்ளாய்ட். "அதுக்கு அவ சொன்னா, பதினோரு வருஷத்துல அந்த ஆளு ஒருநாள்கூட ஒரு நிமிஷம் லேட்டா வந்ததில்ல. வரலைன்னா, வர வேணாம்னு முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம்னா."

எல்டன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் மட்டும் ஒன்றைக் கழிக்காத பழக்கம் அவனைக் கவிழ்த்துவிட்டது. பஸ் ஊருடையது, பஸ்ஸுக்கு ஊர் மணிதான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து பத்து என்று வந்தால் அவன் காதுக்கு அது ஆற்று மணி பத்து, வேறொன்றாக இருக்கவே முடியாது. அடப்பாவி மனுஷா, நாலு நாளில் ஒருதரமாவது யோசிக்கக் கூடாதா! யோசிக்கவில்லை. அவளுக்கும் தனக்கும் இடையே மட்டும் இருந்த ஒரு நேரம் இனி இல்லை என்று நினைத்துப்பார்க்க அவனுக்கு மனசு வரவில்லையோ என்னவோ.

டன்மோரில் பஸ் சாப்பாட்டுக்கு நிற்கும், பன்னிரண்டு வரைக்கும், ஊர் மணி பன்னிரண்டு என்று ஃப்ளாய்ட் அழுத்திச் சொன்னார். ஐம்பது மைல். எல்டன் நன்றிகூடச் சொல்லாமல் ஓடினான்.

இருபது மைல் போனதும் தாழ்வான பாலம். பாலத்துக்கு முன்னால் மஞ்சள் தடுப்புக்கட்டை. தடுப்புக்குப் பக்கத்தில் ஷெரிஃபின் ஆள் மார்வின் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆறு. முன்னால் ஒரு மாட்டு லாரி, அதற்கு முன்னால் பிள்ளைகள் நிறைந்த ஒரு ஸ்டேஷன் வேகன் கார், ரெண்டும் காத்துக்கிடந்தன. மூடிப் பத்து நிமிஷம்தான் ஆகிறது என்றான் மார்வின். பஸ் அரை மணிக்கு முன்னாலேயே தாண்டிவிட்டது. வேறு வழி மலைக் கணவாய் ஒன்றுதான், அதில் இன்னும் ஆள் உயரப் பனி.

"என்னை மட்டும் விடு மார்வின். பத்து விநாடி. தண்ணி இன்னும் ரெண்டடி கீழதானே இருக்கு."

மார்வின் பள்ளிக்கூடத்தில் எல்டனுக்கு நாலு வகுப்பு கீழே படித்தவன். ஆர்டிஸ் விஷயம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும்.

"என்னய்யா, நீ கொடுத்த எண்ணை வச்சுத்தானே மூடியிருக்கு," என்றான். "காலையில உங்க ஆபீஸ்காரங்க பழைய கோட்டைப் பாத்துட்டு பத்தாயிரம்தான், பாலத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. நீதான் இல்லன்னே." தடுப்புக்கட்டைமேல் கையை வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கூட்டல்ல ஏதாவது தப்பு இருக்குமா? இருக்குன்னு சொல்லு. இதை ஒதுக்கிடுறேன்."

எல்டன் திரும்பிப் பார்த்தான். ஸ்டேஷன் வேகனில் அம்மாக்காரி இஞ்சினை முடுக்கிக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் போனால் அவளும் பின்னாலேயே வருவாள். அப்புறம் லாரி. அவன் பாலத்தைப் பார்த்தான். அடியில் தண்ணீர் அவசரமில்லாமல் போகிற மாதிரிதான் தெரிந்தது. பதினாறாவது இடத்தில் வந்த அந்த மரம் இன்னும் இங்கே வந்துசேரவில்லை. அக்கரையில் சாலை நேராக, காலியாக, டன்மோருக்குப் போனது. ஒரே ஒரு பொய். வாழ்க்கையில் இதுவரை ஒரு கன அடியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. ஒருதரம் சொன்னால் குடியா முழுகிவிடும்?

"ரெண்டு தடவை கூட்டினேன்," என்றான். "சரியாத்தான் இருக்கு."

மார்வின் கட்டையிலிருந்து கையை எடுத்தான். பிறகு மார்வினே கார் கதவைத் திறந்து ரேடியோ ஒலிவாங்கியை எடுத்தான். டன்மோர் ஷெரிஃப் அலுவலகத்தில் ஜோலீன் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சாரியில் இருக்கிற கஃபேக்கு ஃபோன் போடு, ஹார்லோ பஸ்ஸில் வந்த ஆர்டிஸ் என்ற அம்மாவை ஃபோனில் கூப்பிடு, இங்கே ஒருத்தர் பேசணும் என்றான். ரேடியோவையும் ஃபோனையும் ஒட்டவைக்க முடியாது, ஒரு பக்கம் கேட்டு மறு பக்கம் நான்தான் சொல்லணும் என்றாள் ஜோலீன். சொல்லு, அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கு என்றான் மார்வின். ஒலிவாங்கியை எல்டன் கையில் திணித்தான்.

அந்த ரேடியோ ஒன்றும் அந்தரங்கமான சாமான் இல்லை. வெள்ள நாளில் எங்கள் பக்கம் எல்லாப் பண்ணை அடுக்களையிலும் ஷெரிஃபின் அலைவரிசையைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்டனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"நான் பத்து மணிக்கு வந்தேன்னு சொல்லுங்க," என்றான். "ஆற்று மணி பத்துக்கு."

ஜோலீன் இதென்ன கூத்து என்று கேட்கவில்லை, அப்படியே ஒப்பித்தாள். ரேடியோ இரைந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஆற்றின் நடுவில் முதல் மரம் தெரிந்தது. ஏதோ ஒரு சின்ன மரம், பாலத்தின் தூணில் இடித்துத் திரும்பி அடியில் போய் மறைந்தது.

"சிரிக்கிறாங்களா அழறாங்களான்னு தெரியலை," என்றாள் ஜோலீன். "இருங்க. பேசுறாங்க." கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "சரி, வந்தீங்க. என்ன சொல்ல வந்தீங்கன்னு கேக்குறாங்க."

எல்டன் பொத்தானை அழுத்தினான், விட்டான். மார்வின் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தான், ரொம்ப அக்கறையாக. வழியில் நாலு விதமாகப் பழகினதில் ஒரு விதமும் நினைவுக்கு வரவில்லை.

"போகாதீங்கன்னு சொல்ல வந்தேன்," என்றான். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. "வாரா வாரம் அந்த அட்டை வந்தாத்தான் எனக்கு வாரமே ஆரம்பிக்கும். எண்ணைப் பாக்க இல்ல. எண்ணைக் கடைசியாத்தான் பாப்பேன். நீங்க இல்லாத ஆத்துக்கு நான் இன்னைக்குப் போய்ப் பாத்துட்டேன் ஆர்டிஸ். பதினோரு வருஷமா ஏங்கின அளவு கெடச்சுது, சொல்றதுக்கு ஆள் இல்ல. என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களான்னு கேக்க வந்தேன். முன்னாடியே கேட்டிருக்கணும். கேக்கத் தெரியல."

பள்ளத்தாக்கு முழுக்க அடுக்களைகளில் காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றிருக்கும். ஜோலீன் முழுசையும் ஒப்பித்தாளா, பாதியில் விட்டாளா, தெரியவில்லை. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. மார்வின் கடிகாரத்தைப் பார்த்தான், பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிஷம். எல்டன் எதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு அஞ்சு ஆனது. அந்தப் பெரிய மரம் வந்தது, வேரோடு. பாலத்தின் நடுத்தூணில் மோதினபோது நின்ற தரை அதிர்ந்தது. கைப்பிடிச்சுவரில் ஒரு பாகம் மெதுவாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. ஸ்டேஷன் வேகனில் அம்மாக்காரி இஞ்சினை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"பஸ் போயிடுச்சு," என்றாள் ஜோலீன்.

எல்டன் கண்ணை மூடினான்.

"அவங்க பெட்டியும் பஸ்லயே போயிடுச்சாம், பரவாயில்லையாம். இங்க கவுன்ட்டர்லதான் உக்காந்திருக்காங்க. பாலம் எப்ப திறக்கும்னு கேக்குறாங்க."

மார்வின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டான். எல்டன் மூச்சை இழுத்து விட்டான். மலையில் மிச்சம் இருக்கிற பனி, வரப்போகிற வெயில், ராத்திரிக் குளிர் எல்லாவற்றையும் பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டான். ஒன்றிரண்டு நாள் குறைத்துச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"தண்ணி வடிய நாலு நாள். தூணைப் பாக்க ஒரு நாள்," என்றான். "வியாழக்கிழமை."

காத்திருக்கிறாளாம் என்றாள் ஜோலீன்.

மாட்டு லாரி திரும்பிப் போனது. ஸ்டேஷன் வேகனும் போனது. எல்டன் கரையோரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தான். டீல் ஆறு எட்டடியைத் தாண்டி வர வேண்டும் என்று பதினோரு வருஷம் வேண்டிக்கொண்டவன், இறங்கு, இறங்கித் தொலை என்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.